கொம்பு உரத்தை நம்பி எருக்குழியை விட்டுவிடாதீர்கள்: பயோடைனமிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயோடைனமிக் விவசாயம் என்று பேச்செடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கிற மந்திர வேலை என்று ஒரு கட்சி சிரிக்கும். செத்த மண்ணை எழுப்பும் வித்தை என்று இன்னொரு கட்சி சத்தியம் செய்யும். அது ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை எல்லாம் ஒரே தரம் இல்லை. அவிழ்க்காமலே வாங்குவதும் தவறு, அவிழ்க்காமலே எறிவதும் தவறு.

ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924 ஜூனில், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸில், விவசாயம் பற்றி எட்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் விவசாயி இல்லை, ஆன்மிகத் தத்துவம் பேசியவர். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்த பயோடைனமிக் முறையில் ஒரு பாதி நல்ல பண்ணையம்: சொந்த மாடு, சொந்த எரு, கலப்புப் பயிர், ரசாயனம் இல்லை. மறுபாதி கொம்பு சாண உரம், கொம்பு சிலிக்கா (கொம்பில் அடைத்துப் புதைக்கும் குவார்ட்ஸ் கல் பொடி), எருக்குவியலில் சேர்க்கும் மூலிகைத் தயாரிப்புகள், நட்சத்திரம் பார்ப்பது. முதல் பாதி நமக்குப் புதுசே இல்லை. எருக்குழி, ஆட்டுக்கிடை, கோடையில் ஏரி வண்டல், மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) நடுவே துவரை என்று வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கக் கொல்லைகளில் ஸ்டெய்னர் பெயர் தெரியாமலே செய்துவந்ததுதான்.

இங்கே அதிகம் கெடுதல் செய்கிற தவறு, கொம்பு உரத்தைத் தெளித்துவிட்டு எருவைக் குறைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டால், அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலும் 25 கிலோ வருகிறது. கொம்பு உரமோ ஏக்கருக்கு 25 கிராம் அளவில் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழற்றித் தெளிப்பது. அதில் இருக்கும் தழைச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. ‘அது உரமில்லை, நுண்ணுயிர் விதை’ என்பார்கள். சரி, ஆனால் ஒரு கிராம் மண்ணிலேயே நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குக் குறை தின்பதற்கு மட்கு இல்லாததுதான். நம் செம்மண்ணில், நாற்பது டிகிரி வெயிலில், மட்கு எரிந்துபோகிற வேகம் குளிர்நாட்டில் பேசிய ஸ்டெய்னருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆய்வுகளைத் தப்பாகப் படிப்பது அடுத்தது. சுவிட்சர்லாந்தில் பாசல் அருகே 1978 முதல் ஒரு நீண்டகால வயல் சோதனை நடக்கிறது. பயோடைனமிக் பாத்திகளில் மண்ணுயிர் அதிகம் என்று அதில் தெரிந்தது உண்மை. ஆனால் அந்தப் பாத்திகளுக்குப் போனது நன்றாக மட்கிய எரு; எரு போட்ட மற்றப் பாத்திகளுக்குப் போனது அவ்வளவு மட்காதது. அப்படியானால் பெருமை கொம்புக்கா, எருவுக்கா? 2002இல் வெளியான அதே சோதனையின் முடிவில், பயோடைனமிக் உள்பட இயற்கை முறைப் பாத்திகளில் விளைச்சல் ரசாயன முறையைவிடச் சராசரியாக 20 சதவீதம் குறைவு என்பதும் இருக்கிறது. மேடையில் அதை யாரும் சொல்வதில்லை. கேள்விக்கு நேராகப் பதில் தேடியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். தயாரிப்பு சேர்த்த மட்கு, சேர்க்காத மட்கு இரண்டையும் ஒப்பிட்டு 2000இல் எழுதினார்கள். மண்ணுயிரில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மட்குக் குவியலில் மட்டும், மூலிகைத் தயாரிப்பு சேர்த்தவை சராசரியாக 3.4 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தன. முழுசாகக் கதவைச் சாத்த முடியாமல் வைத்திருப்பது அதுதான்.

நாள் பார்ப்பதற்கு வருவோம். ஜெர்மனியின் மரியா துன் 1963 முதல் வெளியிட்ட நாட்காட்டியில், சந்திரன் எந்த ராசி மண்டலத்தில் நிற்கிறதோ அதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரித்தார். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் போடுவதும் சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தை வைத்துத்தான். அப்படியானால் இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே! ரோகிணி நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்தில் இருக்கிறது. துன் கணக்கில் ரிஷபம் என்றால் வேர் நாள், முள்ளங்கி விதைக்கலாம். நம் பஞ்சாங்கத்தில் ரோகிணி மேல்நோக்கு, மண்ணுக்கு மேலே காய்ப்பதை விதை என்கிறது. அதே சந்திரன், அதே நட்சத்திரம், இரண்டு உத்தரவு. மண்ணுக்குள் காய்க்கும் மல்லாட்டையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தனிப் பஞ்சாயத்து.

நாள் பார்ப்பதால் மட்டும் நஷ்டமில்லை. ஈரத்தை விட்டுவிட்டு நாள் பார்த்தால்தான் நஷ்டம். ஆடியில் ஒரு மழை பெய்தால் மானாவாரிச் செம்மண்ணில் விதைக்கிற பதம் சில நாள்தான் நிற்கும். வேர் நாளோ 27 நாளில் மூன்று முறை வருவது. காத்திருந்தால் கொல்லை காய்ந்துவிடும். ஆனாலும் நாட்காட்டி வைத்திருப்பவர்கள் நாற்று விடுவது, களை எடுப்பது எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். அந்த ஒழுங்குக்கு ஒரு பலன் உண்டு.

அப்புறம், தபாலில் மூலிகைத் தயாரிப்பு வரவழைத்துவிட்டு வீட்டு எருக்குழியைக் கவனிக்காமல் இருப்பது. அரைகுறையாக மட்கிய சாணத்தில் காண்டாமிருக வண்டின் புழு கொழுத்து வளரும்; வண்டாகி நேரே உங்கள் தென்னங்குருத்துக்குத்தான் போகும். குவியலைக் கிளறிவிடுங்கள், சித்திரை வெயிலில் தண்ணீர் தெளியுங்கள், மேலே ஓலை போடுங்கள். கொம்பு புதைத்தே தீருவேன் என்றால் மேட்டில் புதையுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் புதைத்து மாசி வாக்கில் எடுப்பது வழக்கம். நடுவே வடகிழக்குப் பருவமழை குழியில் தேங்கினால் உள்ளே இருப்பது பச்சைச் சாணமாகவே நாறும்.

பாலாற்றுக் கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தோல் கழிவுநீரால் உவர்ப்பேறிய கிணற்றுத் தண்ணீரை எந்தத் தயாரிப்பும் நன்னீராக்காது. கொம்புக்கும் சிலிக்காவுக்கும் செலவழிக்கும் முன் மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

கடைசியாக, தெளித்தால் முழுக் கழனிக்கும் தெளித்துவிடுவது. அப்படிச் செய்தால் பலன் இருந்ததா என்று ஒருநாளும் தெரியாது. இலவம்பாடி முள் கத்திரி போட்டிருந்தால் சோதிப்பது சுலபம், வாரத்துக்கு வாரம் பறிப்பு வரும். ஒரே எரு, ஒரே தண்ணீர், ஒரே நாற்று. ஒன்றுவிட்டு ஒரு பாத்திக்கு மட்டும் கொம்பு உரம். மற்றப் பாத்திக்கு வெறும் தண்ணீரை அதே போல ஒரு மணி நேரம் சுழற்றித் தெளியுங்கள். காய் பறித்து எடை போடுகிறவருக்கு எது எந்தப் பாத்தி என்று சொல்லாதீர்கள். பறிப்பு ஓயும் வரை எடையை நோட்டில் எழுதி, பிறகு கூட்டிப் பாருங்கள்.