முதலில் ஃப்ரேமைக் கட்டுங்கள், வாட்டை அப்புறம் பார்க்கலாம்: ஸ்டீம் டெக் பேட்டரிக்கு ஒரு செய்முறை

போன மாதம் அக்கா மகன் ஒரு ஸ்டீம் டெக்கை, அதாவது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கருவியை, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எல்சிடி மாடல். “மாமா, ஃபுல் சார்ஜ் போட்டாலும் ஒன்றரை மணி நேரம்தான் நிக்குது. பேட்டரி போயிடுச்சா?” என்று கேட்டான்.

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய முப்பரிமாண கேம் ஒன்றை எந்தக் கட்டுப்பாடும் வைக்காமல் ஓடவிட்டிருந்தான். அப்படி ஓட்டினால் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த டெக்கும் அவ்வளவுதான் தாங்கும். அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து என்னென்ன செய்தோமோ, அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதுவதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

தொடங்கும் முன்: ஒரே ஒரு வகுத்தல் கணக்கு

போன் பேட்டரியை எம்ஏஎச் கணக்கில் பேசிப் பழகிவிட்டோம். கையடக்க கேமிங் கருவிகளுக்கு அது போதாது. பேட்டரியின் வோல்டேஜ் கருவிக்குக் கருவி மாறுவதால், எம்ஏஎச்சை மட்டும் வைத்து இரண்டை ஒப்பிட முடியாது. வாட்-அவர் என்ற அளவைப் பாருங்கள். 2022-இல் வந்த எல்சிடி ஸ்டீம் டெக்கில் இருப்பது 40 வாட்-அவர். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் 50. இதே வகைக் கருவியான ஆசஸின் முதல் ஆர்ஓஜி அல்லையில் 40, அடுத்த ஆண்டு வந்த அல்லை எக்ஸில் அதற்கு இரு மடங்காக 80.

இந்த எண்ணைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6, அதாவது 1 மணி 36 நிமிடம். அக்கா மகன் சொன்ன ஒன்றரை மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. அதே டெக் 10 வாட்டில் ஓடினால் 4 மணி நேரம். எல்சிடி மாடலுக்கு 2 முதல் 8 மணி நேரம் என்று வால்வ் நிறுவனம் அறிவித்தபோது பலர் குழம்பினார்கள். எந்த கேமை எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அத்தனை வித்தியாசம் உண்மையிலேயே வரும்.

படி 1: எவ்வளவு செலவாகிறது என்று முதலில் பாருங்கள்

சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சார்ஜர் செருகியிருந்தால் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்பது சரியாகத் தெரியாது. கேமைத் திறந்து, வலது டிராக்பேடுக்குக் கீழே இருக்கும் மூன்று புள்ளி பட்டனை அழுத்துங்கள். ஓரத்தில் திறக்கும் மெனுவில் பேட்டரி படம் போட்ட பகுதிக்குப் போனால் ‘பெர்ஃபாமென்ஸ் ஓவர்லே’ என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை ஒவ்வொரு படியாக நகர்த்தி, பேட்டரி வாட்டும் எஃப்பிஎஸ்ஸும் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் வரையப்படுகிறது என்ற எண்) திரையில் தெரிகிற நிலையில் நிறுத்துங்கள்.

இப்போது கேமில் கனமான ஓர் இடத்துக்குப் போங்கள். கூட்டம் நிறைந்த ஊர், மழை பெய்யும் காடு, நாலைந்து எதிரிகள் ஒன்றாகப் பாயும் சண்டை, இப்படி ஏதாவது. ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு வாட்டையும் எஃப்பிஎஸ்ஸையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மெனு திரையில் நின்றுகொண்டு அளக்காதீர்கள். அக்கா மகனின் டெக்கில் 24, 25 என்று காட்டியது. எஃப்பிஎஸ் 38-க்கும் 57-க்கும் இடையே அலைபாய்ந்துகொண்டிருந்தது.

அந்த அலைபாய்ச்சலைக் கவனியுங்கள். பேட்டரியையும் தின்று, கண்ணுக்கும் சீராக இல்லாத ஓட்டம் அது.

படி 2: ஃப்ரேமைக் கட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அதே மெனுவில் ‘யூஸ் பெர்-கேம் ப்ரொஃபைல்’ என்பதை முதலில் ஆன் செய்யுங்கள். அப்போதுதான் இனி மாற்றுவதெல்லாம் இந்த ஒரு கேமுக்கு மட்டும் நிற்கும். அடுத்து, எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு கட்டும் ‘ஃப்ரேம் லிமிட்’டை 40-இல் வையுங்கள். டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டும் (திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) அதற்கேற்ப தானாகவே மாறிவிடும்.

ஏன் 40? 60-க்கும் 30-க்கும் நடுவே 45 அல்லவா இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நம் கண் உணர்வது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை. 60 எஃப்பிஎஸ்ஸில் அது 16.7 மில்லிசெகண்ட், 30-இல் 33.3. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பது 25 மில்லிசெகண்ட். வினாடிக்கு 40 ஃப்ரேம் என்றால் அதுதான். 30-இலிருந்து பத்தே பத்து ஃப்ரேம் கூட்டினாலும் 60-க்குப் போகும் தூரத்தில் பாதியைக் கடந்துவிடுகிறோம். எல்சிடி டெக்கின் திரையை 40 ஹெர்ட்ஸ் வரை இறக்கும் வசதி 2022-இல் ஒரு அப்டேட்டில் வந்தது. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ரிஃப்ரெஷ் என்று பொருந்துவதால் உதறல் இருக்காது. ஓஎல்இடி மாடலில் 45-ஐயும் முயன்று பாருங்கள். அந்தத் திரை 90 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும்.

கட்டினால் ஏன் மிச்சமாகிறது? சிப் ஒரு ஃப்ரேமை வரைந்து முடித்ததும் அடுத்த 25 மில்லிசெகண்ட் கெடு வரும் வரை ஓய்வெடுக்கிறது. கட்டாவிட்டால் அந்த ஓய்வே கிடையாது. முடிந்த மட்டும் வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கேமில் உங்கள் கதாபாத்திரம் அசையாமல் நிற்கும்போதும், நீங்கள் காபி போடப் போயிருக்கும்போதும் அப்படித்தான்.

ஒரு குறை உண்டு. சிஸ்டத்தின் லிமிட்டரைப் போட்டால் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே சிறு தாமதம் கூடும். சீட்டாட்டத்திலும் விவசாய கேமிலும் தெரியாது. நொடியில் தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டிய கேமில் கைக்குத் தெரிந்துவிடும். கேமுக்குள்ளேயே ஃப்ரேம் லிமிட் இருந்தால் அதைப் போட்டுவிட்டு சிஸ்டத்தின் லிமிட்டை எடுத்துவிடுங்கள். ஃபைட்டிங் கேமை மட்டும் 60-இலேயே விட்டுவிடுங்கள் என்பேன். அங்கே பேட்டரிக்காக ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வது வீண்.

படி 3: டிடிபி, ஒவ்வொரு வாட்டாக

டிடிபி லிமிட் என்ற ஸ்லைடர் 3 முதல் 15 வாட் வரை போகும். சிப் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு இது. 15-இல் இருப்பதால் எப்போதும் 15 செலவாகும் என்று பொருளில்லை. ஸ்டார்டியூ வேலி போன்ற 2டி கேம் ஓடும்போது வரம்பு 15-இல் இருந்தாலும் சிப் அவ்வளவு கேட்காது. இன்னொன்று, இது சிப்புக்கு மட்டுமான கணக்கு. திரை, மெமரி, வைஃபை, ஃபேன் எல்லாம் தனி. அதனால்தான் வரம்பு 15 என்றிருந்தும் ஓவர்லேயில் 25 தெரிகிறது.

செய்முறை இதுதான். படி 1-இல் அளந்த அதே கனமான இடத்துக்குத் திரும்பிப் போங்கள். 15-இலிருந்து 14, 13, 12 என்று ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் விளையாடிப் பாருங்கள். 40-இல் அசையாமல் நின்ற எஃப்பிஎஸ் ஒரு கட்டத்தில் 38, 36 என்று தடுமாறும். அங்கிருந்து ஒன்றிரண்டு வாட் ஏற்றி நிறுத்துங்கள். அதுதான் அந்த கேமுக்கான எண்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு தோராயம் சொல்கிறேன்: 2டி கேம்களுக்கு 5, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய 3டி கேம்களுக்கு 9, இப்போது வரும் பெரிய கேம்களுக்கு 13. அந்தக் கடைசி வகைக்கு 7, 8 என்று இறக்கிப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே தட்டில் சாப்பிடுபவை. தட்டு சிறிதானால் இரண்டும் அரைவயிறுதான். கேம் திக்கித் திக்கி ஓடும்.

மேல்மட்டத்தில் ஒன்றிரண்டு வாட்டைக் குறைத்தாலும் வேகம் பெரிதாக அடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. சிப்பின் வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பைக் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. 50-இல் போனால் கிடைக்கும் மைலேஜ் 90-இல் கிடைக்காது. சோனியின் முதல் பிஎஸ்பி 2004-இல் வந்தபோது அதன் சிப் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. ஆனால் கேம்களுக்கு 222 வரைதான் அனுமதித்தார்கள். முழு வேகத்தையும் கேம்களுக்குத் திறந்துவிட்டது 2007-இல் வந்த ஒரு அப்டேட்டில்தான். இன்று நாம் ஸ்லைடரை நகர்த்திச் செய்வதை அன்று சோனியே நமக்காகச் செய்து வைத்திருந்தது.

படி 4: கிராபிக்ஸில் எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது

40-ஐயே எட்ட முடியவில்லை என்றால் கேமின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். எல்லாவற்றையும் ‘லோ’வில் போட்டுவிடாதீர்கள், பார்க்கவே மனசு வராது. முதலில் ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) அணையுங்கள். பிறகு நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு மூன்றையும் ஒவ்வொரு படி குறையுங்கள். ஏழு அங்குலத் திரையில் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களான டெக்ஸ்சரை மட்டும் விட்டுவிடுங்கள். அது மெமரியைத்தான் நிரப்பும், வாட்டை அதிகம் தொடாது. சைபர்பங்க் 2077 போன்ற சில கேம்களில் ஸ்டீம் டெக்குக்கென்றே ஒரு ப்ரீசெட் இருக்கிறது. இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

டெக் திரையின் ரெசல்யூஷன் 1280-க்கு 800, சுமார் 10 லட்சம் பிக்சல். அல்லையின் 1080பி திரையில் அது 20 லட்சத்துக்கு மேல். அல்லை வைத்திருப்பவர்கள் கனமான கேம்களை 720பி-க்கு இறக்கினால் வரைய வேண்டிய பிக்சல் பாதிக்கும் கீழே வந்துவிடும். லெனோவோவின் கையடக்கக் கருவியான முதல் லீஜியன் கோ-வின் திரை 2560-க்கு 1600. அதில் 1280-க்கு 800 வைத்தால் நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி என்பதால் படம் அதிகம் மங்காது.

படி 5: திரையும் மற்றவையும்

பிரைட்னஸைக் குறை, வைஃபையை அணை என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் அறிவுரை. நான் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் பாருங்கள். இவற்றையெல்லாம் சேர்த்து 2 வாட் மிச்சம் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்சிடி டெக்கில் 25 வாட் இழுக்கும் கேம் 23-க்கு வருகிறது. 96 நிமிடம் ஓடியது 104 நிமிடம் ஓடும். எட்டே நிமிடம். அதே 2 வாட்டை 8 வாட் இழுக்கும் சின்ன கேமில் குறைத்தால் 5 மணி நேரம் ஓடியது 6 மணி 40 நிமிடம் ஓடும்.

பெரிய கேம் ஆடும்போது திரையை மங்கலாக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். லேசான கேம் ஆடும்போதுதான் பிரைட்னஸ், வைஃபை, புளூடூத் எல்லாம் கணக்கில் வரும். ஓஎல்இடி திரையில் கறுப்பு பிக்சல் ஒளிர்வதே இல்லை என்பதால் இருட்டான கேம்களில் செலவு இன்னும் குறையும். எல்சிடியில் பின்விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பின்னால் ஏதாவது டவுன்லோட் ஆகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

திரை வெளிச்சம் பேட்டரியைத் தின்பது பழைய கதை. 1989-இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாய்க்குப் பின்விளக்கும் இல்லை, வண்ணமும் இல்லை. நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடும். அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணத்திரையும் பின்விளக்கும் இருந்தன. ஆறு பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி செய்துவிடும். விற்பனையில் வென்றது கேம் பாய்.

சூடு, சார்ஜர்

சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருந்தால்தான் டெக் நன்றாக ஓடும் என்று வால்வ் சொல்லியிருக்கிறது. நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் மதிய அறைக்குள்ளேயே அதைத் தாண்டிவிடுகிறது. ஃபேன் அலறும், சிப் 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் டிடிபியை இரண்டு வாட் கூடுதலாகக் குறைத்தே விளையாடுங்கள். காற்று பின்பக்கமாக உள்ளே போய் மேலே வெளியேறும் அமைப்பு என்பதால், மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஆடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உறைக்குள் போட்டு மூடவே கூடாது.

சார்ஜர் 45 வாட் பவர் டெலிவரி வகையாக இருக்கட்டும். சாதாரண 18 வாட் போன் சார்ஜரைச் செருகி 25 வாட் கேம் ஆடினால், சார்ஜ் ஏறுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பவர் பேங்க்குக்கும் இதே விதி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-அவர். வழியில் வீணாவது போக, எல்சிடி டெக்கை ஒரு முறை முழுதாக நிரப்பிவிட்டு இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

எந்நேரமும் சார்ஜரில் செருகியே ஆடுபவர் என்றால், 2025-இல் வந்த ஸ்டீம்ஓஎஸ் 3.7-இல் இருக்கும் சார்ஜ் லிமிட்டை 80 சதவீதத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரியை முழுக்க நிரப்பிச் சூட்டிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் முதுமை தட்டிவிடும்.

அல்லை வைத்திருப்பவர்களுக்கு

வரிசை இதேதான், பெயர்கள்தான் வேறு. ஆசஸின் ஆர்மரி கிரேட் என்ற மென்பொருளின் மெனுவில் முதல் அல்லைக்கு சைலன்ட் 10, பெர்ஃபாமென்ஸ் 15, டர்போ 25 வாட் என்று மூன்று நிலைகள். டர்போவில் சிப் மட்டுமே 25 இழுத்து, மற்றவையும் சேர்ந்தால் 40 வாட்-அவர் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். டர்போவை சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். வெளியே போகும்போது 15-இல் வைத்து ஃப்ரேமைக் கட்டுங்கள்.

அக்கா மகனின் டெக் அன்று 40 எஃப்பிஎஸ், 11 வாட் டிடிபி, நிழல் மீடியம் என்ற நிலையில் 16 வாட்டில் வந்து நின்றது. 40-ஐ 16-ஆல் அவனே வகுத்துப் பார்த்து, “இரண்டரை மணி நேரம் மாமா!” என்றான். இப்போது கேம் பெயர், எஃப்பிஎஸ், வாட் என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். நேற்று அனுப்பிய படத்தில் ஒன்பது கேம் வரை வந்துவிட்டது.