மெழுகுச் சிலையோடு எடுத்த படம் ஏன் சொதப்புகிறது?

அபிமான நட்சத்திரத்தின் சிலையைக் கண்டதும் தோளை ஒட்டி நின்று, பட்டென்று ஒரு படம். பிறகு பார்த்தால் சிலை எங்கோ வெறித்துக்கொண்டிருக்கும். அதன் பார்வை ஒரே திசையில் நிலைத்தது. அசைய வேண்டியது நாம்தான். எதிரே நின்று இடமும் வலமும் மெல்ல நகருங்கள். ஓரிடத்தில் இரு கண்களும் உங்களையே பார்க்கும். போன் அங்கே, சிலையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும்.

செல்ஃபி இங்கே எடுபடாது. கை நீளத்தில் பிடித்தால் உங்கள் முகம் பூசணிக்காய் ஆகும், பின்னால் சிலையின் முகம் சிறுத்துவிடும். கூட வந்தவரை ஆறேழு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் சிலைக்கு முன்னால் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்; விளக்குகள் சிலையின் முகத்தைக் குறிவைத்தவை, ஓரடி முன்னே வந்தாலே உங்கள் முகம் இருட்டடித்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மெழுகு ஒளியைச் சற்று உள்ளே வாங்கிப் பரப்புவதால்தான் தோல் போலத் தெரிகிறது. அதன்மேல் மெல்லிய அடுக்குகளாகப் பூசிய வண்ணம்தான் கன்னச் சிவப்பையும் நரம்போட்டத்தையும் காட்டுகிறது. நேரே அடிக்கும் வெளிச்சம் அத்தனையையும் அழித்து, நெற்றியில் எண்ணெய் வழிவதுபோல் ஒரு பளபளப்பை மட்டும் விட்டுவைக்கும்.

கட்டிப்பிடிக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் முகத்தையும் முடியையும் தொடாதீர்கள். உடல் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், தாங்கும். தலை மெழுகு. முடி ஒவ்வொன்றாக ஊசியால் செருகியது, இழுத்தால் வந்துவிடும். முத்தம் கொடுத்தால் உதட்டுச்சாயம் வண்ணப்பூச்சில் ஒட்டும். விரல்களைப் பிடித்துத் தொங்குவது இன்னும் மோசம், முதலில் முறிவது அவைதான்.

“இவர் இவ்வளவு குள்ளமா!” என்று சிலையைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். பெரிய காட்சிக்கூடங்களில், ஆள் நேரில் வந்து அமர்ந்தால் நூற்றுக்கணக்கான அளவுகள் எடுக்கிறார்கள். ஆறும்போது மெழுகு சுருங்கும் என்பதால் அச்சு எடுக்க முதலில் செய்யும் களிமண் மாதிரியைச் சுமார் 2 சதவீதம் பெரிதாகவே செய்கிறார்கள். ஏமாற்றியது பெரும்பாலும் சினிமா கேமராதான். நேரில் பார்க்காமல் படங்களை மட்டும் வைத்துச் செய்த சிலைகள் வேறு ரகம்; அங்கே ஜாடை தப்புவது சகஜம்.

ஒருவரைப் பார்க்கவென்றே போகிறீர்களானால், டிக்கெட்டுக்கு முன் அந்த ஊர்க் கிளையின் இப்போதைய பட்டியலைப் பாருங்கள். மேடம் துசாட்ஸ் என்ற மெழுகுச் சிலைக் காட்சிக்கூடத்துக்குப் பல நகரங்களில் கிளை உண்டு. லண்டனில் இருப்பவர் சிங்கப்பூரிலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. சிலைகள் இடம் மாறும், பழுதுபார்க்கவும் போகும்.

விடுமுறை நாள் நண்பகலைத் தவிர்த்து, திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பல இடங்களில் ஒருவழிப் பாதைதான். அறையை விட்டு வெளியேறும் முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கண்களைச் சரிபாருங்கள். திரும்பி வர விடமாட்டார்கள்.