மைக்ரோஸ்போரிடியா ஆன்டிபாடி ரிப்போர்ட்: எங்கெங்கே தவறுகிறோம்

மைக்ரோஸ்போரிடியா என்பது குடலையும் கண்ணையும் தாக்கும் நுண்ணிய வித்துக் கிருமி. அதற்கு எதிரான ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் பாசிட்டிவ் என்று பார்த்ததும் அல்பெண்டசோல் மருந்தை எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஐஜிஜி வகை ஆன்டிபாடி, உடல் அந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று காட்டும். இப்போது குடலில் இருக்கிறதா என்று காட்டாது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தின் ரத்தக் கொடையாளர்களில் 8 சதவீதம் பேரிடமும் பிரான்ஸின் கர்ப்பிணிகளில் 5 சதவீதம் பேரிடமும் மைக்ரோஸ்போரிடியாவில் ஓர் இனமான என்செபாலிட்டோசூன் இன்டெஸ்டினாலிஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

ஆகவே, தொற்று அதிகம் இருக்குமோ என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் முயல் வளர்ப்பவர்களையோ குளத்தில் குளிப்பவர்களையோ சோதித்து, "இத்தனை சதவீதம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அதே ஊரில், அதே வயதில், அந்தப் பழக்கம் இல்லாதவர்களின் சீரத்தையும் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) அதே எலிசா தட்டில், அதாவது ஆன்டிபாடியை அளக்கும் சோதனைத் தட்டில், சேர்த்து ஓட்ட வேண்டும். வேறு நாட்டின் கட்-ஆஃபை (பாசிட்டிவ் என்று கொள்ளும் எல்லை அளவை) அப்படியே வைத்தால் கணக்கு தடுமாறும்.

நெகட்டிவ் இன்னும் ஏமாற்றும். சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளையணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே போன எச்ஐவி நோயாளிக்கும், உறுப்பு மாற்று செய்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கும் கிருமி இருந்தும் ஆன்டிபாடி போதிய அளவு உருவாகாமல் போகலாம். அவர்களுக்கு மலப் பரிசோதனைதான் வழி. அதுவும் சாதாரண அயோடின் ஸ்லைடில் தெரியாது. ஒன்றிரண்டு மைக்ரான் அளவேயுள்ள வித்துகள் பாக்டீரியாவோடு கலந்துவிடும். மெல்லிய ஸ்மியர் போட்டு, குரோமோட்ரோப் சாயத்தில் 90 நிமிடம் வைத்து, 100எக்ஸ் ஆயில் லென்ஸில் பொறுமையாகத் தேட வேண்டும். நடுவில் குறுக்குப் பட்டையோடு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதுதான்.

சோதனைத் தட்டில் ஆன்டிபாடியைப் பிடிக்கப் பூசும் ஆன்டிஜன் எதிலிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதும் தவறே. என்டெரோசைட்டோசூன் பியெனுசி என்ற இன்னோர் இனத்தை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாததால், பெரும்பாலும் என்செபாலிட்டோசூன் வித்துகளே பயன்படுகின்றன. அந்த இனங்களுக்குள் குறுக்கு வினை உண்டு; ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றொன்றோடும் ஒட்டும். இனத்தைப் பிரிக்க பிசிஆர் என்ற மரபணுச் சோதனை தேவை. அல்பெண்டசோல் 400 மி.கி. தினம் இருவேளை என்செபாலிட்டோசூனுக்கு நன்றாகக் கேட்கும், பியெனுசிக்கு அவ்வளவாகக் கேட்காது.

மழைக்காலத்தில் சேறு, குளத்துத் தண்ணீர் பட்டுக் கண் சிவந்து வருபவருக்கு ரத்தம் எடுப்பது வீண். கருவிழியை மெல்லச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கால்கோஃப்ளூர் ஒயிட் என்ற ஒளிரும் சாயமும் சேர்த்து ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே போதும்.

சீரத்தைப் பிறகு சோதிப்பதானால் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கரன்ட் போய்ப் போய் உருகி உறைந்த சீரத்தில் வரும் எண்ணை நம்பாதீர்கள்.