பெசன்ட் குடும்பத்தை நம்ம வட்டையிலேயே அடையாளம் காண்பது எப்படி

பெசன்ட் (pheasant) என்கிற கோழியினப் பறவையைப் பார்க்க ஆசைப்பட்டு வெளிநாட்டுப் படங்களைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்கள் வளவில் மேய்கிற ஊர்க்கோழியை அரைமணி நேரம் பொறுமையாகப் பாருங்கள் என்பதுதான். காலால் மண்ணைச் சீய்ப்பது, பின்னால் ஓரடி வைத்துக் குனிந்து பார்ப்பது, வெயிலில் குழி பறித்து மண்ணில் புரள்வது, பயந்தால் பறக்குமுன் ஓடப் பார்ப்பது, இதையெல்லாம் பெசன்டும் செய்யும். ஏனென்றால் இரண்டும் பாசியானிடே என்ற ஒரே குடும்பம். மயில், கௌதாரி, காடை எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. பெசன்டின் பெயர் ஜோர்ஜியாவில் பாசிஸ் என்று அந்தக் காலத்தில் அழைத்த ஆற்றிலிருந்து வந்தது. கருங்கடல் பக்கமிருந்து சீனா வரை அதன் சொந்த நிலம், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். நம் காட்டில் அது இல்லை, அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலில் காட்டுக்கோழி. இலங்கையின் தேசியப் பறவை, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. லாகுகல, கல்லோயா, குமண பக்கம் காட்டோரத் தெருக்களில் விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும் மேயவரும். ஆனைக்காடு என்பதால் இறங்கி நடக்க வேண்டாம், வாகனத்தை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள்.

சேவலைக் கண்டால் நேரே கொண்டையைப் பாருங்கள். சிவப்புக் கொண்டையின் நடுவில், மஞ்சளை அள்ளிப் பூசியதுபோல ஒரு திட்டு இருக்கும், ஊர்ச் சேவலுக்கு அது கிடையாது. உடம்பு செம்மஞ்சள், சிறகும் வாலும் ஊதா கலந்த கறுப்பு. கூவுவதும் வேறு: ஊர்ச் சேவல் கடைசியில் நீட்டி இழுக்கும், இது வெட்டினாற்போல் சட்டென்று நிறுத்திவிடும். ஒருமுறை காது பழகிவிட்டால் அப்புறம் பார்க்காமலே சொல்லலாம். பேடுதான் கஷ்டம். முதுகு மண்நிறம், கொண்டை இருக்கிறதா என்றே தெரியாது. அதற்கு வயிற்றைப் பாருங்கள், வெள்ளையில் கறுப்புக் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

நம் வீட்டுக்கோழி இதன் பிள்ளை என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கோழி பெரும்பாலும் ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது, இது அந்தச் சிவப்புக் காட்டுக்கோழியின் ஒன்றுவிட்ட சகோதரம்.

எதைத் தின்கிறது என்று தெரிந்தால் எங்கே காத்திருப்பது என்றும் தெரியும். விதை, உதிர்ந்த பழம், பூச்சி, கறையான். மழை விட்டு ஈசல் கிளம்பும்போது கறையான் புற்றுப் பக்கம் கண் வையுங்கள். கூடு பெரும்பாலும் தரையிலேயே இருக்கும், 2 முதல் 4 முட்டை. தற்செயலாகக் கண்டால் தொடாமல் விலகிப் போங்கள். முட்டையைக் கொண்டுவந்து ஊர்க்கோழிக்கு அடை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம்.

மயிலை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை, உகந்தை முருகன் கோயில் பக்கம் போனவர்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு விஷயம்: ஆண் ஒவ்வொரு வருடமும் தோகையை உதிர்த்துவிடும், அந்தச் சமயத்தில் பேடு என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்து நீலமென்றால் ஆண், பச்சையென்றால் பேடு. தோகை என்பதும் வால் இல்லை, வாலுக்கு மேலே வளர்கிற இறகு. விரித்து ஆடும்போது பின்பக்கம் போய்ப் பாருங்கள், கட்டைக் கபில வால்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

கடைசியாக, வட்டை வரம்பில் காலடியிலிருந்து விர்ரென்று எழும்பி நாலு பாகம் தள்ளி விழுகிற காடை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். அசல் காடைக்குக் கோழி மாதிரிப் பின்விரல் உண்டு. முன்விரல் மூன்று மட்டும் உள்ள ஒன்றும் இருக்கிறது, அது காடை மாதிரி இருந்தாலும் இந்தக் குடும்பமே இல்லை, கடற்கரைப் பறவைகளுக்குக் கிட்டின உறவு. ஈரச் சேற்றில் தடத்தைப் பார்த்தால் பின்விரல் பதிந்திருக்காது. தூரத்தில் மோட்டார் சைக்கிள் போவதுபோல உறுமுவது அதன் பேடு. அதுதான் பெரிது, தொண்டையில் கறுப்பும் அதற்குத்தான். அடை காப்பது ஆண். ஆகவே வரம்பில் விரலளவுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒன்று ஓடினால், அது தகப்பன்.