வெள்ளைத் தங்கத்தில் கை வைக்கும் முன்

ஹட்டனில் என் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் மஞ்சள் தங்கத்தில் கை திருந்திய பிறகுதான் வெள்ளைத் தங்கத்தைத் தொடுகிறார்கள். தொல்லையே அதுதான். 22 கரட்டில் ஊறிய கை 18 கரட் வெள்ளையிலும் அதே போக்கில் போகும். என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனது. விரலைச் சுட்டுக்கொள்ளாதே, அரத்தூளைச் சிந்தாதே என்பதெல்லாம் இங்கே வேண்டாம்; வெள்ளைத் தங்கத்தில் நாம் விடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முத்திரையை மட்டும் பார்ப்பது

750 முத்திரை என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். குணத்தைத் தீர்மானிப்பது மீதி 250 பங்கு கலப்பு உலோகம். நிக்கல் கலந்தது முரடு. வளைத்தால் திமிறும், சிவக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் போட்டால் மயிரிழை போல வெடிப்பு விடும். பலேடியம் கலந்தது சொன்னபடி கேட்கும், ஆனால் உருகக் கூடுதல் சூடு வேண்டும். முத்திரை இரண்டிலும் ஒன்றுதான். பழைய துண்டுகளை வகை தெரியாமல் ஒரே மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போடாதீர்கள்.

கல்லோடு வைத்து ஊதுவது

நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், கட்டாரிலிருந்து மகன் கொண்டுவந்த வெள்ளைத் தங்க மோதிரத்தை அளவு பெரிதாக்கக் கொடுத்தார். நடுவில் நீலக்கல். கல்லைக் கழற்றினால் அதைப் பிடித்திருக்கும் நிக்கல் கலந்த நகங்கள் முறியுமோ என்று எனக்குப் பயம். நீலம் தீக்கு அஞ்சாது என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கெவுடா என்கிற வெளிறிய கல்லை 1,500 பாகைக்கு மேல் சூடேற்றித்தானே நீலமாக்குகிறார்கள்? ஒட்டுக்கு வேண்டியது 800 பாகை அளவுதான். ஒட்டு நன்றாக ஓட உதவும் வெங்காரத்தைத் தாராளமாகப் பூசி, பொடி (ஒட்டுவதற்கான உலோகம்) வைத்து ஊதினேன். அடியில் பூசியது உருகிக் கல் வரை ஓடியது.

ஆறவிட்டுக் கழுவினால், கல் புரை விழுந்த கண் மாதிரி இருந்தது. தேய்த்தேன், போகவில்லை. அது அழுக்கு அல்ல, கல்லின் தோலே அரிபட்டிருந்தது. நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. உருகிய வெங்காரம் அதைக் கரைத்துவிடும். போரிக் அமிலமும் அப்படித்தான்.

அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப்போய்க் கல்லை மறுபடி பட்டை தீட்டினேன். கல் சிறுத்துவிட்டது, பழைய கூட்டில் ஆடியது. புதுக் கூடும் என் செலவு. டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். இன்னும் வெண்மைக்கு ரோடியம் என்கிற உலோகம் பூச என்னிடம்தான் வருகிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கல் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

போன மாதம் என் பட்டறைப் பையன் கையில் வெங்காரக் கிண்ணம், முன்னால் நீலக்கல் மோதிரம். "அண்ணே, நீலம் தாங்கும்தானே?" ஊதுகுழலைப் பிடுங்கிவிட்டேன். கல்லைக் கழற்றுங்கள். கழற்றவே முடியாத வேலை என்றால் லேசர் ஒட்டு செய்கிற இடத்துக்கு அனுப்புங்கள், கூலி போனால் போகட்டும்.

மஞ்சள் பொடி

வெள்ளைக்கு வெள்ளைப் பொடி. வேறு பேச்சில்லை.

ரோடியத்தைப் பற்றி வாய் திறக்காமல் விற்பது

கண்ணாடிக்குள் பளிச்சென்று இருக்கும் வெண்மை பெரும்பாலும் ரோடியம் பூச்சு. அடியிலுள்ள தங்கம் லேசாக மஞ்சளோ சாம்பலோ பாய்ந்திருக்கும். மோதிரத்தில் பூச்சு ஓரிரு வருடத்தில் தேயும். தோட்டில் கூட நாள் நிற்கும். இதை முன்னமே சொல்லாவிட்டால், "பித்தளையைக் கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று கடைவாசலில் சத்தம் கேட்கும். இன்னொன்று, ரோடியம் கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும். மெருகை முடித்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிய பிறகே பூச்சுத் தொட்டி.

பிளீச்

குளியலறை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். குளோரின் பட்டால் நிக்கல் நகங்கள் வெடிக்கும், கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது.

அரிப்பு

மோதிரம் போட்ட விரல் சிவந்து அரிக்கிறது என்று வந்தால், முதல் சந்தேகம் நிக்கல்தான். ரோடியம் பூசினால் அடங்கும். பூச்சு தேய்ந்தால் திரும்பி வரும்.