இலை மக்குகிறதே, அப்புறம் ஆற்றுக்கு என்ன குறை?

பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், ஓடையில் பாறை இடுக்கெல்லாம் இலைக் குப்பை அடைத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீர்தான் கீழே ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து சுங்கை பினாங்காக நகரத்துக்குள் நுழைகிறது. மலையடியில் ஒரு வலைப்பை இலை, கீழே பட்டறைகள் இருக்கும் பக்கம் ஒரு வலைப்பை இலை, சில வாரம் கழித்து எடுத்து எடை போட்டால் தண்ணீரில் கலக்கும் உலோகம் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் மகளும் பல்கலைக்கழக புரோஜெக்ட்டுக்கு இதைத்தான் செய்தாள். "சித்தப்பா, ரெண்டு பையிலும் ஒரே அளவுதான் மக்கியிருக்கு, பாதிப்பு இல்லைன்னு எழுதிடவா?" என்றாள்.

எழுதாதே என்றேன். ஒரே அளவு மக்கினால் பாதிப்பு இல்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

ஓடையில் விழுந்த இலையை முதலில் பதப்படுத்துவது பெரும்பாலும் பூஞ்சைகள்தான், பாக்டீரியா பிறகுதான். 1942இல் இங்கோல்ட் என்ற, அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஓடை இலைகளில் இந்த நீர்ப்பூஞ்சைகளை விவரித்து எழுதினார். அவற்றின் வித்துகள், அதாவது பூஞ்சை பரவுவதற்காக விடும் நுண்ணிய துகள்கள், பல நான்கு கை விரித்த நட்சத்திரம் மாதிரி இருக்கும், ஓடும் தண்ணீரில் இலைமேல் தொற்றிக்கொள்ள அந்த வடிவம் வசதி. பூஞ்சை ஏறாத இலை, குழம்பில் ஊறாத ரொட்டி சானாய் மாதிரி, ஓடையில் இலை தின்னும் பூச்சிப் புழுக்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. செம்பு, துத்தநாகம், காட்மியம் தண்ணீரில் ஏறும்போது முதலில் அடி வாங்குவது இந்தப் பூஞ்சைகள் வித்து விடும் வேலை, கூடவே எத்தனை இனம் இருக்கிறது என்ற கணக்கும் குறையும். மக்கும் வேகம் குறைவது பெரும்பாலும் அப்புறம்தான், ஏனென்றால் உலோகத்தைத் தாங்கும் ஒன்றிரண்டு இனங்கள் மிச்ச வேலையை இழுத்துப் போட்டுச் செய்கின்றன. ஜெர்மனியில் பழைய செம்புச் சுரங்கப் பகுதி ஓடைகளில் ஹெலிஸ்கஸ் என்ற பூஞ்சை அப்படித் தாக்குப்பிடித்து நின்றிருக்கிறது. கடையில் பத்து பேர் இருந்த இடத்தில் ரெண்டு பேர் ஓவர்டைம் செய்தாலும் கடை திறந்துதான் இருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். நம்ம ஊர் ஆற்றில் உலோகம் மட்டுமா வருகிறது? லோங்காங் என்கிற வடிகால் வழியாகச் சாக்கடையும் சாப்பாட்டுக் கடைத் தண்ணீரும் சேர்ந்து வருகின்றன. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் மக்குவதை வேகப்படுத்தும், உலோகம் மெதுவாக்கும், ரெண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் மலையடி ஓடையின் எண்ணே வந்து நிற்கும். அதனால் எடையோடு சேர்த்து வித்தும் எண்ண வேண்டும், முடிந்தால் இலையில் எர்கோஸ்டெரால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அது பூஞ்சையின் உயிர்த்திரளைக் காட்டும் பொருள்.

அடுத்தது, நீர்த்தரக் குறியீட்டை நம்புவது. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் குறியீடு ஆறு விஷயங்களைத்தான் கூட்டிக் கணக்கிடுகிறது: கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்), சிஓடி (வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச். உலோகம் அதில் இல்லை, அதற்குத் தனித் தர அளவுகள் உண்டு. குறியீடு நன்றாக வந்தது, அதனால் துத்தநாகம் இல்லை என்று எழுதினால் வாத்தியார் சிரிப்பார்.

துத்தநாகம் என்றதும் எல்லாரும் தொழிற்சாலையைத்தான் தேடுகிறார்கள். தகரக் கூரையில் விழுந்து ஓடும் மழைத் தண்ணீரிலும் அது உண்டு, டயர் தேய்மானத்திலும் உண்டு. பிரேக் தூளில் செம்பு.

சரி, உலோகத்தை அளந்தாயிற்று, எண் கையில் இருக்கிறது என்றாலும் அதை வேறு ஊர் எண்ணோடு நேரடியாக வைத்துப் பார்க்காதீர்கள். பினாங்குத் தீவு கருங்கல் மலை, அதனால் மலை ஓடைகளில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மென்னீர். கோலாலம்பூருக்கு வடக்கே பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரில் கால்சியம் அதிகமானால் அது உலோகத்தோடு போட்டியிட்டு உயிரணுவுக்குள் நுழைவதைக் குறைக்கும், அதனால் அதே அளவு செம்பு மென்னீரில் பூஞ்சையைக் கூடுதலாகக் கடிக்கும். இலை ஊறிய பழுப்புத் தண்ணீர் என்றால் அதிலுள்ள கரிமப் பொருள் உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடும், அது வேறு கதை. மழை விட்டதும் கலங்கல் தண்ணீரை வடிகட்டாமல் சோதனைக்கு அனுப்பினால் சேற்றில் ஒட்டிய உலோகமும் சேர்ந்து எண் எகிறும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டுப் பிறகு அமிலம் சேர்க்க வேண்டும்.

வலைப்பை விஷயத்திலும் சறுக்கல் உண்டு. வெங்காய மூட்டை வலை மலிவு, பூச்சி உள்ளே போகலாம், ஆனால் நம்ம ஊர் மழைக்கு ஒரே வெள்ளத்தில் இலை கிழிந்து வெளியே போய்விடும், அது மக்கியதாகக் கணக்கில் ஏறும். பக்கத்திலேயே அரை மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் பையும் கட்டுங்கள். காய்ந்த இலை தண்ணீரில் போட்ட முதல் ஒன்றிரண்டு நாளிலேயே சாயம் கரைந்த மாதிரி கொஞ்சம் எடை இழக்கும், அதில் பூஞ்சைக்குப் பங்கில்லை. அந்த எடையைத் தனியாகக் கழிக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் இலை வருடத் தொடக்கத்தில் மொத்தமாக உதிரும் காலம் நினைவிருக்கும்; இரண்டு இடத்துக்கும் ஒரே மரத்தின், ஒரே நாளில் பொறுக்கிய இலையாக இருக்கட்டும்.

இலை மக்கியதும் உலோகமும் போய்விட்டது என்று நினைப்பது இன்னொன்று. இலையும் அதன்மேல் படர்ந்த பூஞ்சையும் பஞ்சு மாதிரி உலோகத்தைப் பிடித்து வைக்கின்றன, தின்னும் புழுவுக்கு அது அப்படியே போகிறது, மிச்சம் தூளாகக் கீழே ஆற்றோடு.

பாறையோரம் ஒதுங்கும் நுரையைப் பார்த்ததும் சோப்புத் தண்ணீர் என்று அண்ணன் மகள் மூக்கைப் பிடித்தாள். மலையடி ஓடையில் அது பெரும்பாலும் இயற்கை நுரை, பூஞ்சை வித்துகள் அதில்தான் சிக்கிக் கிடக்கும். ஒரு கரண்டி அள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நான்கு கை நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை.