இதோ வந்துட்டேன்: ஆங்கிலத்தில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டோம், போனில் "இதோ வந்துட்டேன்" என்போம். தமிழில் இது பொய்யில்லை. உடனே நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே சொல்வது நம் வழக்கம். அதே நினைப்பில் மேலாளரிடம் "ஐ ஹேவ் கம்" என்றால், அவர் உங்களை வாசலில் தேடுவார். வழியில் இருந்தால் "ஐ ஆம் ஆன் மை வே". இன்னும் கிளம்பவில்லை, இதோ கிளம்பப் போகிறீர்கள் என்றால் "ஐ ஆம் அபவுட் டு லீவ்".

இந்த "அபவுட் டு"வில்தான் அதிகம் சறுக்குகிறோம். "அபவுட் டு லீவிங்" தப்பு. "டு"வுக்குப் பிறகு "லீவ்" மட்டும்தான். "ஐ ஆம் அபவுட் டு லீவ் டுமாரோ" என்பதும் பொருந்தாது. இந்த நொடி, அடுத்த நொடி என்ற அர்த்தம் அதற்குள்ளேயே இருக்கிறது, நாளையை எங்கே சேர்ப்பது? நாளைப் பயணத்துக்கு "ஐ ஆம் லீவிங் டுமாரோ" போதும்.

மாட்டிவிடுவது எதிர்மறைதான். இப்போதைக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று பணிவாகச் சொல்வதாக நினைத்து "ஐ ஆம் நாட் அபவுட் டு சைன்" என்பார்கள். கேட்பவருக்கு அது "நான் போடுறதா இல்லை" என்ற முறைப்பாகவே விழும். "ஐ ஆம் நாட் சைனிங் இட் ஜஸ்ட் யெட்" என்றால் சண்டை வராது.

ரயில், பேருந்து, தவணை எல்லாம் அட்டவணைப்படி நடப்பவை. அங்கே "டியூ" வரும், நேரமும் சொல்லலாம்: "தி டிரெய்ன் இஸ் டியூ அட் சிக்ஸ்". "பவுண்ட் டு" வேறு. நிச்சயம் நடக்கும் என்பதைத்தான் சொல்கிறது, சீக்கிரம் நடக்கும் என்பதை அல்ல.

"ஆன் தி வெர்ஜ் ஆஃப்" அழுகை, திவால், போர் மாதிரி பெரிய விஷயங்களின் விளிம்புக்கு. டிபன் சாப்பிடப் போவதற்கெல்லாம் அதை எடுத்தால் சிரிப்பார்கள்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு வரேன்" என்பதை அப்படியே "ஆஃப்டர் ஃபைவ் மினிட்ஸ்" ஆக்க வேண்டாம். "இன் ஃபைவ் மினிட்ஸ்"தான் இயல்பு. "விதின்" போட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"மொமென்டரிலி" மட்டும் ஆளைப் பார்த்துப் பேச வேண்டிய சொல். விமானம் "மொமென்டரிலி" தரையிறங்கும் என்று அமெரிக்கர் சொன்னால் இதோ இறங்கப் போகிறது என்று பொருள். பழைய வழக்கத்தை விடாத பிரிட்டிஷ்காரர் காதில், ஒரு கணம் இறங்கிவிட்டு மறுபடி பறந்துவிடும் என்று விழும். "ஷார்ட்லி" என்றால் இரண்டு பக்கமும் வம்பில்லை.